கைப்பயிர்

நவம்பர் 18

ஏழு வருஷத்துக்குப் பிறகு புங்கனேந்தல் கண்மாய் நிறைந்து மறுகால் போகிறது. ஊரே கரையில் நின்று குலவை போட்டது. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சாயங்காலம் பாசன சங்கக் கூட்டம், தீர்மானம் எழுத வேண்டும். தலைவர் என்றால் சும்மாவா?

மதுரையிலிருந்து நிலத்தடி நீர் இன்ஜினியர் வந்திருந்தார். சின்ன வயசு, ஆனால் விஷயம் தெரிந்தவர். பள்ளிக்கூடக் கரும்பலகையில் கண்மாயை வரைந்து, அதற்குக் கீழே கிணறுகளை வரைந்து, நடுவில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டார்.

"இது ரெண்டு தண்ணி இல்லைங்க, ஒரே தண்ணி. மேல நின்னா கண்மாய், கீழ எறங்குனா கிணறு. மடையைத் திறந்து விட்டீங்கன்னா நாப்பது நாள்ல தீந்துரும். மடையை அடைச்சுக் கண்மாயை ஊற விட்டு, கிணத்துல எடுத்துப் பாய்ச்சுனா வைகாசி வரைக்கும் ஓடும்" என்றார்.

நாற்பத்தொரு கிணற்றுக்காரர்களும் தலையாட்டினார்கள். கிணறு இல்லாத ஆறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்குப் பக்கத்துக் கிணற்றுக்காரர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார் இன்ஜினியர். சேர்த்தேன். முதல் கையெழுத்து என்னுடையது.

ஆறு பேரில் ஐந்து பேருக்கு மாமன் மச்சான் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. ஆறாவது ஆள் பஞ்சவர்ணம், செத்துப்போன என் தம்பி ராசாங்கத்தின் பெண்டாட்டி. ஒன்றரை ஏக்கர். மூன்று பக்கமும் என் நிலம், நாலாவது பக்கம் கண்மாய்க் கரை. அவளுக்குப் பக்கத்துக் கிணறு என்றால் அது என் கிணறுதான்.

"குடுக்கலேன்னா?" என்று எழுந்து கேட்டாள்.

நீர்பாய்ச்சி சங்கையா பதில் சொன்னான்: "அதுக்குத்தான் கைப்பயிர் இருக்குல்ல தாயி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 19

இன்ஜினியர் போன் செய்தார். அறிக்கையில் எழுத வேண்டுமாம், கைப்பயிர் என்றால் என்ன சார் என்று கேட்டார்.

சொன்னேன். இந்த ஊர் வழக்கம் அது. தண்ணீர் வேண்டுகிறவன் தன் வயலில் ஒரு பிடி பயிரை வேரும் சேறுமாகப் பிடுங்கிக் கையில் ஏந்திக்கொண்டு, கிணற்றுக்காரன் எதிரே வந்து நிற்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. பரம்பரைப் பகையாளியாகவே இருக்கட்டும், அந்தப் பயிர் கையில் வாடுவதற்குள் மோட்டாரைப் போட்டுவிட வேண்டும். மறுத்தவன் என்று இந்த ஊரில் இதுவரை ஒருவனும் இல்லை.

"அருமை சார், அருமை" என்றார்.

கிணற்றுக்காரன் அந்தப் பயிரை நேருக்கு நேர் பார்த்தால்தான் கட்டுப்பட்டவன். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நவம்பர் 24

மடையைச் செங்கல் வைத்து அடைத்து சிமென்ட் பூசியாயிற்று. சங்கையா கலவை ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வருஷம் திறந்து மூடியவனாம். "அடைச்சதுதான் அடைச்சீங்க, கிணத்துக்காரன் மனசைத் தொறந்து வச்சுக்கிறணும்யா" என்று எனக்கே உபதேசம் பண்ணுகிறான். நீர்பாய்ச்சிக்கு வேலை போனால் வாய் நீள்கிறது.

சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

டிசம்பர் 3

நல்ல மழை. என் கரும்பு ஆள் உயரம். பஞ்சவர்ணத்தின் நெல்லும் பச்சை கட்டி நிற்கிறது. மழை இருக்கிறவரைக்கும் யார் வயலும் பச்சையாகத்தான் இருக்கும்.

அப்பா பாகம் பிரித்த கதையைத் தனபாக்கியத்திடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டிக்கு அது மனப்பாடம். அந்தக் காலத்தில் மடைத்தண்ணீர்தான் ராஜா. கரையடி நிலத்தையும் மடைப் பாத்தியத்தையும் செல்லப்பிள்ளை ராசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றை என் தலையில் கட்டினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷம் சர்வேயராக ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து அடுத்தவன் நிலத்தை அளந்துகொண்டே இருந்தேன்.

போன வருஷம் ராசாங்கம் கருமாதி முடிந்த அன்று, நிலத்தை எனக்கே கொடுத்துவிடு என்று பஞ்சவர்ணத்திடம் தன்மையாகத்தான் கேட்டேன். "ஒரே ஒரு போகம் நானா வெள்ளாமை வச்சுப் பாக்குறேன் அத்தான். வீடு வந்து சேந்துச்சுன்னா வச்சுக்கிறேன், இல்லேன்னா நீங்களே எடுத்துக்கங்க" என்றாள்.

வைத்துப் பார்க்கட்டும். குடும்பச் சொத்து வெளியே போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு என்ன ஆசை?

டிசம்பர் 16

மழை நின்று பத்து நாள். இனி இல்லை என்கிறது ரேடியோ. கரும்புக்கு இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டினேன். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கிறது.

டிசம்பர் 23

சவரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் வாசலில் பஞ்சவர்ணம். கையில் ஒரு பிடி நெற்பயிர், வேரிலிருந்து சேறு சொட்டுகிறது.

கண்ணாடியில் பார்ப்பது நேருக்கு நேர் பார்ப்பது ஆகாது. முகத்தைத் திருப்பாமல் அப்படியே கொல்லை வழியாக வெளியே போனேன். பாதி முகத்தில் சோப்பு நுரை. கோயில் குழாயில் கழுவிக்கொண்டேன்.

டிசம்பர் 24

விடிந்ததும் சிவகங்கைக்கு பஸ் ஏறினேன். பென்ஷன் விஷயமாக ஒரு வேலை. ஆபீஸில் போய்க் கேட்டால், ஒன்றும் இல்லையே சார், போன மாதமே எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். கேட்டுவைத்தது நல்லதுதான்.

டிசம்பர் 26

காலையில் ஒரு மணி நேரம் கக்கூஸில் இருந்தேன். வயிறு சரியில்லை. அவள் ஒரு மணி நேரமும் நின்றாளாம்.

டிசம்பர் 27

வயிறு இன்றும் சரியில்லை.

டிசம்பர் 28

திண்டுக்கல்லில் அத்தை மகன் வீட்டில் ஒரு விசேஷம். நாளைக்குத்தான் விசேஷம், இன்றைக்கே போய்விட்டேன்.

டிசம்பர் 30

வந்ததும் வராததுமாகத் தனபாக்கியம் பிடித்துக்கொண்டாள்.

"நேத்தும் வந்தா. முந்தாநேத்தும் வந்தா. கையில பயிரு வாடித் தொங்குற வரைக்கும் நின்னுட்டுப் போறா. ஒரு பிடி பயிரைப் பாக்கப் பயந்துக்கிட்டுக் கக்கூசுல ஒளியிற ஆம்பளைய இந்த ஊருல இப்பத்தான் பாக்குறேன்."

"நான் மறுத்தேனா? யார்கிட்டயாவது மறுத்தேன்னு அவளைச் சொல்லச் சொல்லு" என்றேன்.

"மறுத்திருந்தாக்கூடத் தேவலை" என்று தட்டை என் முன்னால் தூக்கி வைத்தாள். ரசத்தில் உப்பு இல்லை.

டிசம்பர் 31

இன்று பஞ்சவர்ணம் வரவில்லை. எட்டு நாள் வந்திருக்கிறாள். வயலில் எட்டுப் பிடி பயிர் வீண். அதையாவது பிடுங்காமல் இருந்திருக்கலாம்.

ஜனவரி 4

தனபாக்கியம் மார்கழி பஜனைக்கு என்று விடியற்காலையில் போகிறாள், எட்டு மணிக்கு வருகிறாள். நாற்பது வருஷத்தில் இல்லாத பக்தி. சேலைக் கரை முழுக்கச் செம்மண் சேறு. கோயிலுக்குச் சிமென்ட் ரோடு போட்டு மூன்று வருஷம் ஆகிறதே என்றேன். "சாமி எங்கெங்கேயோ இருக்கு" என்கிறாள். துணி சோப்பு ஒரு வாரத்தில் இரண்டு கட்டி காலி.

ஜனவரி 6

கரும்புக்குப் போனவன் வரப்பில் அப்படியே நின்றுவிட்டேன். பஞ்சவர்ணம் வயலில் தண்ணீர் நிற்கிறது. சூல் பிடிக்கும் பயிர், கரும்பச்சை.

கரைக்கு இருபது அடி தள்ளிக் குழி வெட்டியிருக்கிறாள். பத்தடி ஆழம்தான் இருக்கும். அடியில் வெள்ளை மணல், மணலிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வருகிறது. பக்கத்தில் வாடகைக்கு எடுத்த சின்ன ஆயில் இன்ஜின். வெட்டிய மண்ணைக் கொட்டிய இடத்தில் இரண்டு பொம்பளைகளின் கால் தடம். இன்னொருத்தி யார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 7

வரப்பில் நின்று பேசினேன். அவள் கையில் பயிர் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டுக் குழி வெட்டுன?"

"என் நெலத்துல நான் வெட்டுறதுக்கு யாரைக் கேக்கணும் அத்தான்?"

"அது என் கிணத்துத் தண்ணி. நான் கரும்புக்குப் பாய்ச்சுறேன், அது மண்ணுக்குள்ள எறங்கி ஒன் குழிக்கு வருது."

"அப்ப ஒங்களை அறியாமலே எனக்குத் தண்ணி குடுத்துக்கிட்டுத்தான இருக்கீங்க. நல்லா இருங்க" என்று கும்பிட்டாள்.

என்ன திமிர்!

ஜனவரி 8

மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டேன். நான் பாய்ச்சாவிட்டால் அவள் குழி எப்படி ஊறுகிறது, பார்த்துவிடுகிறேன்.

ஜனவரி 11

கரும்புத் தோகை வெளுக்கிறது. குழியில் டேப் விட்டு அளந்தேன் (அவள் சாப்பிடப் போயிருந்த நேரம்). தண்ணீர் இரண்டு அடி நாலு அங்குலம். மூன்று நாளில் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். கரும்பு வெட்டப் போனால் நுனி காய்ந்து கிடக்கிறது. கடையில் இரண்டு கழி வாங்கிவந்தேன். கரும்புத் தோட்டக்காரன் கரும்பு வாங்குகிறான் என்று கடைக்காரன் ஊருக்கே சொல்லிவிட்டான்.

"எதிரிக்குச் சகுனத் தடை ஆகணும்னு தன் மூக்கை அறுத்துக்கிட்டவன் கதையாவுல்ல இருக்கு" என்றாள் தனபாக்கியம். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் இப்படியா பேசுவது?

ஃபியூஸைப் போட்டேன்.

ஜனவரி 16

பழைய லெவல் கருவியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நான் அளக்காமல் கோபப்பட்டது தப்பு. கண்மாய் நீர்மட்டம், என் கிணற்று நீர்மட்டம், அவள் குழி நீர்மட்டம், மூன்றையும் எடுத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரே சரிவு. ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். அந்த வெள்ளை மணல்தான் கண்மாய்க்கு அடியில் கிளம்பி, அவள் நிலம் வழியாக என் கிணற்றுக்கு வருகிறது.

அவள் குடிப்பது என் தண்ணீர் இல்லை. கண்மாய்த் தண்ணீர். கண்மாய் நிறைந்திருக்கிறவரை அந்தக் குழி வற்றாது.

ஜனவரி 18

அவசரக் கூட்டம் போட்டேன். கரையை ஒட்டிக் குழி வெட்டியிருப்பதால் கண்மாய்த் தண்ணீர் கரைக்கு அடியில் ஓட்டை போட்டுக்கொண்டு வருகிறது, குழிக்குள் மண் கலங்கிக் கொதிக்கிறது, கரை எந்த நேரமும் உடையலாம், கண்மாயை இரண்டு அடி இறக்கியாக வேண்டும் என்று சொன்னேன். மண் கலங்கி வந்ததை நான் பார்த்தேனா என்றால், பார்த்ததாகத்தான் மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

சங்கையா எழுந்தான். "அய்யா, தெளிஞ்ச தண்ணி வந்தாக் கரைக்கு ஒண்ணும் ஆகாது. கலங்கி வந்தாத்தான் பயம். நான் நேத்துக்கூடப் பாத்தேன், குழித்தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு."

"கரை ஒடஞ்சு ஊரு போச்சுன்னா நீ பதில் சொல்றியா?" என்றேன். அதற்கு யார் வாயைத் திறப்பார்கள்? சொல்லப்போனால் எல்லோரும் பஞ்சவர்ணத்தின் மேல் பாய்ந்தார்கள். "ஒருத்தி வயித்துக்கு ஊரையே முழுக வைக்கப் பாத்தியேடி" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். பஞ்சவர்ணம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மினிட் எழுதுகிற வேலை இருந்தது.

தெற்கு மூலையில் கழிவு மடை இருக்கிறது. அதைத் திறந்தால் தண்ணீர் எந்த வயலுக்கும் போகாது. நேரே ஓடை, ஓடையிலிருந்து கடல்.

ஜனவரி 20

கண்மாய் மீன் குத்தகைக்காரன் குணசீலன் மதுரையிலிருந்து வந்தான். தண்ணீர் இறங்கினால் மீன் பிடிக்க வசதி, வாயெல்லாம் பல். லாரி வர வழியில்லையே சார் என்றான். கரைமேல் சரளை கொட்டி ரோலர் ஓட்டச் செய்தேன். பஞ்சவர்ணம் வயல்வரைக்கும் இப்போது லாரி போகும். கரையும் பலப்பட்டமாதிரி ஆயிற்று.

ஜனவரி 21

கழிவு மடை திறந்தோம். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குணசீலன் போன். "ரெண்டடி எறங்கிருச்சு சார். அடைக்கவா, இல்ல முழுசா விட்டுரட்டுமா? மீனு அடியிலதான் கெடக்கு."

சாப்பிடும்போது நான் பேசுவதில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 24

கண்மாய் காலி. ஊர் முழுக்க மீன் வாசனை. பிள்ளைகள் சேற்றில் புரண்டு கெளுத்தி பிடித்தன. கிணற்றுக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "ரெண்டடின்னுதான தீர்மானம்?" என்று இழுத்தார்கள். ஆளுக்கு நாலு கிலோ விரால் கொடுத்தனுப்பினேன். நம் வீட்டில் மீன் குழம்பு. தனபாக்கியம் சாப்பிடவில்லை. தலைவலியாம்.

ஜனவரி 29

குழி வற்றிவிட்டது. வெள்ளை மணல் காய்ந்து கிடக்கிறது. நெல் பால் பிடிக்கும் சமயம். இன்னும் இரண்டு தண்ணீர் கிடைத்தால் வீடு வந்து சேரும். கிடைக்காவிட்டால் பதர்தான்.

என் கிணறும் இருபத்தாறு அடி இறங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். சமாளிக்கலாம்.

பிப்ரவரி 3

இன்று வந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் கதிரோடு ஒரு பிடி பயிர். இந்தத் தடவை நான் எழுந்து போகவில்லை. நேருக்கு நேர் நன்றாகப் பார்த்தேன்.

"வா தாயி வா. இத்தனை நாளா எங்க போன?" என்றேன்.

அவள் பயிரை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு, ஊர் பார்க்கக் கிணற்றடிக்குப் போய், பயிர் அவள் கையில் வாடுவதற்குள் மோட்டாரைப் போட்டேன். பதினோரு நிமிஷம் ஓடியது. அப்புறம் குழாய் காற்றைத் துப்பியது. வந்த தண்ணீரை என் காய்ந்த வாய்க்காலே குடித்துவிட்டது, அவள் வரப்பு மண்கூட நனையவில்லை.

"இவ்வளவுதான் இருக்கு. வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்லலை" என்றேன்.

"தெரியும் அத்தான்" என்றாள். கையிலிருந்த பயிரைக் கிணற்றுத் தொட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

வழக்கத்தை நான் மீறினேன் என்று ஒருவனும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 4

மனசு என்னவோ போல் இருக்கிறது. சர்க்கரை ஏறியிருக்கும்.

பிப்ரவரி 12

பஞ்சவர்ணம் வயலில் ஆடு மாடு மேய்கிறது. கதிரை உருவி ஊதிப் பார்த்தேன். எல்லாம் பறந்துவிட்டது.

பிப்ரவரி 15

நாற்பத்தொரு கிணற்றில் முப்பது கிணறு தரை தட்டிவிட்டது. சங்கத்துக்கு வந்து கத்துகிறார்கள். வைகாசி வரை ஓடும் என்று இன்ஜினியர் சொன்னாரே என்கிறார்கள். கரையைக் காப்பாற்றினேனா இல்லையா என்று கேட்டேன். உடைந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கரும்புக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம்தான் தண்ணீர். பாதி கருகிவிட்டது, பாதியைக் காப்பாற்றிவிடலாம். பங்குனிவரை இழுத்தால் போதும்.

பிப்ரவரி 20

தனபாக்கியத்தைத் தூது போகச் சொன்னேன். போகமாட்டேன் என்றாள். சங்கையாவை அனுப்பினேன். "நெலத்தை வித்துர்றேன்னு சொல்லிட்டாங்கய்யா" என்று வந்து சொன்னான்.

சொன்ன சொல் தவறவில்லை பஞ்சவர்ணம். நல்ல பிறவிதான். எனக்கு அவள்மேல் எப்போதும் கோபம் இருந்ததில்லை.

மத்தியானம் டிரேசிங் தாளில் இரண்டு நிலத்தையும் சேர்த்து ஒன்றாக வரைந்தேன். நடு வரப்பை எடுத்துவிட்டால் நீள்சதுரம். கோணல் இல்லாமல், கண் நிறைகிறது.

பிப்ரவரி 27

சங்கையா வந்தான். "அம்மா நெலத்தை நேத்தே எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

"யாருக்கு?"

"மீன்காரருக்கு. குணசீலனுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று பக்கமும் என் நிலம், வழியே கிடையாது, வாங்கி என்ன செய்வான் மடையன் என்றேன்.

சங்கையா தலையைச் சொறிந்தான். "கரைமேல ரோடு இருக்கேய்யா" என்றான்.

பிப்ரவரி 28

பஞ்சவர்ணம் ஊரை விட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை. தனபாக்கியம் பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னியனுக்குக் குடுத்துட்டியே! ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"எட்டு நாளு ஒங்க வாசல்ல நின்னு கேட்டேன் அத்தான்."

"இல்லேன்னா நீங்களே எடுத்துக்கங்கன்னு கருமாதி அன்னைக்குச் சொன்னியா இல்லையா?"

"வெள்ளாமை தானாப் போயிருந்தா ஒங்களுக்குத்தான். இது தானாப் போகலையே."

"குணசீலன் விவசாயமா பண்ணப் போறான்? போர் போட்டுத் தண்ணியை உறிஞ்சி லாரியில டவுனுக்கு விப்பான். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். அவரு ஏங்கிட்டச் சொல்லித்தான் வாங்குனாரு. குழியில வெள்ளை மணலைப் பாத்த அன்னைக்கே கேட்டாரு, நான்தான் மாட்டேன்னேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் அழுகையாத்தான் வருது அத்தான். ஊருக்குத் தண்ணி போயிருமேன்னு நெனைக்காம இல்ல. ஆனா, அன்னைக்குக் கூட்டத்துல என் மேல மண்ணை வாரிப் போட்டப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கலை. நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க."

பஸ் வந்தது. திருப்பூரில் மகளிடம் போகிறாளாம். தனபாக்கியம் பஸ் போகும்வரை நின்றாள். அப்புறம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

மார்ச் 5

போர் வண்டி வந்தது. அறுபது அடிவரைக்கும் நல்ல மணல். அந்த மணலுக்கு நேராக ஓட்டைக் குழாய் இறக்கினார்கள், ஒன்றில்லை, நாலு. சட்டப்படி தடுக்க முடியுமா என்று புத்தகங்களைப் புரட்டினேன். குழி வெட்டியதற்குப் பஞ்சவர்ணத்தின் மேல் புகார் எழுதியிருந்தேன், அதை இவன்மேல் மாற்றி எழுதலாம் என்று பார்த்தால், அதில் ஆபத்து என்று சொன்னது கண்மாயில் தண்ணீர் நிற்பதால். கண்மாயில்தான் இப்போது தண்ணீர் இல்லையே.

மார்ச் 8

லாரிகள் காலை ஐந்துக்கு ஆரம்பிக்கின்றன. பதினெட்டு எண்ணினேன்.

மார்ச் 10

என் கிணறு தரை. கிணற்றுக்குள் கிடந்த பழைய வாளி ஒன்று தெரிகிறது.

மார்ச் 11

ஊரில் நாற்பத்தொரு கிணறும் தரை. யாரும் சங்கத்துக்கு வந்து கத்துவதில்லை. என்னைக் கண்டால் வேறு தெருவில் போகிறார்கள். டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது.

இன்ஜினியர் போன் செய்தார். கூட்டு மேலாண்மை எப்படிப் போகிறது சார், நீர்மட்டம் அனுப்புங்கள் என்றார். அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 13

"இருக்குற கரும்பையாவது காப்பாத்தணும்னா அவன்கிட்டப் போய்க் கேளுங்க" என்றாள் தனபாக்கியம். இரண்டு வாரத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"என் தம்பி நெலத்துல நின்னு ஒரு மீன்காரன்கிட்ட நான் கேக்கவா?"

"அவ நின்னாள்ல?" என்றாள்.

மார்ச் 14

காலையில் குளித்தேன். பாதி வாளிதான். வேட்டி மாற்றிக்கொண்டு கரும்புக்குப் போய், தோகை இன்னும் பச்சையாக இருக்கிற தூரில் ஒன்றைப் பார்த்து வேரோடு பிடுங்கினேன். மண் இறுகிக் கிடந்ததால் வேர் பாதியில் அறுந்தது. ஈரச் சேறு எங்கேயும் இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறி நடந்தேன்.

குணசீலன் ஷெட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒரு லாரி நிறைந்து மேலே வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீரில் பஞ்சவர்ணம் வயல் முழுக்கச் சேறு. சங்கையா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவனுக்கு இங்கேதான் வேலை. என் கையைப் பார்த்ததும் அவன் குழாயை அடைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் குணசீலனுக்கு நேர் எதிரே போய் நின்றேன். கரும்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன்.

"வாங்க சார், வாங்க. என்ன இது, தோகையா? ஏங்கிட்ட மாடு இல்லையே சார்" என்றான் குணசீலன். மரியாதையாகத்தான் சொன்னான்.

நான் அப்படியே நின்றேன். சங்கையா, "முதலாளி, அது வந்து..." என்று ஆரம்பித்தான். அதற்குள் லாரி கிளம்பிச் சேற்றில் பின் சக்கரம் புதைந்து, நின்ற இடத்திலேயே சுற்றியது. டிரைவர் எட்டிப் பார்த்து, "கல்லு, கட்டை ஏதாவது போடுங்கண்ணே!" என்று கத்தினான்.

"அட, நல்ல நேரத்துலதான் கொண்டாந்திருக்கீங்க" என்று குணசீலன் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து கரும்பை வாங்கினான். இரண்டாக ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். லாரி அதன்மேல் ஏறிக் கரைக்குப் போய்விட்டது.

"ரொம்ப நன்றி சார். டீ சாப்பிடுறீங்களா?" என்றான்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.